இயற்கை மரணம் எய்தாத என்ஜின்

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களை எல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். இத்தனை கார் ஓட்டியவர்கள் நோயாளிகளை எப்போது பார்த்தார்கள் என்பது புரியாத விஷயம். என்னுடையதும் டாக்டர் வண்டிதான். ‘சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ், ஒரு கீறல் கிடையாது.’ அந்தக் காலத்துப் புரோக்கர் இதை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்வார். இப்போது டை கட்டிய பையன் டேப்லெட்டைத் தடவிக்கொண்டே சொல்கிறான். கூடுதலாக இருநூறு அம்சப் பரிசோதனை அறிக்கை, ஒரு வருட வாரண்டி. நாலே முக்கால் லட்சத்தைத் தீபாவளிக்கு முன்னால் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வந்தேன்.

அறிக்கையில் எல்லாமே பச்சை டிக். பின்சீட் விளக்கு எரிகிறது, டிக். ஹாரன் அடிக்கிறது, டிக். கூலன்ட் நன்று, ரேடியேட்டரில் கசிவு இல்லை, ஹோஸ்கள் நன்று. இந்த மூன்று வரிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

சித்திரை வெயிலில், திண்டிவனத்தில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது, ஆத்தூர் டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டெம்பரேச்சர் முள் ஏறியது. ஓரங்கட்டுவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி. இறங்கிப் பார்த்தால் அச்சிறுபாக்கம். திரிபுரத்தை எரிக்கக் கிளம்பிய சிவபெருமானின் தேர் அச்சு முறிந்தது இந்த ஊரில்தான் என்கிறது தலபுராணம். பிள்ளையாரைக் கும்பிடாமல் கிளம்பினாராம். நிபந்தனையை மீறினால் சொந்த மகனே க்ளெய்மைத் தள்ளுபடி செய்கிற ஊரில் என் வண்டி நின்றிருக்கிறது.

வந்த மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். ஆயில் டிகிரி காபி நிறத்தில் இருந்தது. “ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார். தண்ணி ஆயில்ல கலந்துருச்சு. ஹெட்டும் வளைஞ்சிருக்கும், கழட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.” கவலைப்படாமல் கேட்டுக்கொண்டேன். வாரண்டி இருக்கிறதே!

நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகுதான் வாரண்டிப் புத்தகத்தைப் படித்தேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், என்ஜினும் கியர்பாக்ஸும் முழுப் பாதுகாப்பில். ஐந்தாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் விலக்குகள்: ஹோஸ், பெல்ட், கேஸ்கட், சீல், ஃபில்டர், ஆயில், கூலன்ட், ரப்பரால் ஆன எதுவும். அதற்குக் கீழே, விலக்கப்பட்ட பாகம் கெட்டதன் விளைவாக வேறு எந்தப் பாகம் கெட்டாலும் அதுவும் கிடையாது. யோசித்துப் பார்த்தேன். என்ஜினில் வாரண்டி உள்ளது இரும்புக்கும் அலுமினியத்துக்கும் மட்டும். அவை தாமாகக் கெடுவது அபூர்வம். தண்ணீர் போய்ச் சூடேறி வளையும், ஆயில் போய்த் தேயும். தண்ணீருக்கும் ஆயிலுக்கும் வாரண்டி இல்லை. ஆக, என்ஜின் யார்மீதும் பழி போடாமல், தூக்கத்திலேயே, இயற்கை மரணம் எய்த வேண்டும். அப்போது கட்டாயம் பணம் கிடைக்கும்.

கால் சென்டருக்குப் பேசினேன். “உங்க கன்சர்ன் எனக்குப் புரியுது சார்” என்றது ஒரு குரல். மறுமுறை பேசியபோது வேறொரு குரலுக்கும் அதே அளவு புரிந்தது. மூன்றாவது குரல்தான் உண்மையைச் சொன்னது: “வாரண்டி நாங்க தரலை சார், எங்க பார்ட்னர் தர்றாங்க.” பார்ட்னரைப் பிடித்தால், “கார் வித்தது நாங்க இல்லையே சார்?” இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் அழகு.

கடிதத்துக்கு வருகிறேன். நிராகரிப்புக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ரேடியேட்டரில் துரு வண்டல் இருக்கிறது, இது நெடுநாளைய கோளாறு, ஆகவே வாங்கும்போதே இருந்தது. இரண்டு, முள் ஏறிய பிறகும் வாடிக்கையாளர் அலட்சியமாக ஓட்டியிருக்கிறார்.

முதல் காரணத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் போய்ச் சந்தோஷம் வந்துவிட்டது. எதிராளி இவ்வளவு உதவி செய்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கூலன்டுக்குப் பதிலாக யாரோ போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள், டாக்டராகவே இருக்கட்டும். பதில் எழுதினேன்: “துரு பழையது என்கிறீர்கள், முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறேன். தீபாவளிக்கு முன் உங்கள் ஆள் ‘கூலன்ட் நன்று’ என்று டிக் போட்டிருக்கிறார். துரு அன்றே இருந்ததென்றால் உங்கள் அறிக்கை தவறு. அன்று இல்லை என்றால் உங்கள் நிராகரிப்பு தவறு. எது தவறு என்பதை உங்கள் வசதிப்படி முடிவு செய்துகொள்ளலாம்.” இரண்டாவது காரணத்துக்கு ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியை இணைத்தேன். டோல்கேட்டைத் தாண்டிய நேரமும் நான் டோவிங் வண்டியைக் கூப்பிட்ட நேரமும் அருகருகே இருந்தன. அலட்சியம் காட்ட அவகாசமே இல்லை.

“இந்த லெட்டர் எழுதுற நேரத்துக்கு வண்டியைத் தள்ளியிருந்தாலே தாம்பரம் வந்திருக்கும்” என்றாள் மனைவி.

பதிலில், தகராறு இருந்தால் ஒப்பந்தப்படி வடக்கே ஒரு நகரத்தில் நடுவர் முன் வரவும் என்றிருந்தது. போகவர ரயில் செலவைக் கணக்குப் போட்டால் மனிதன் அடங்கிவிடுவான் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று எமார் எம்ஜிஎஃப் – அஃப்தாப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தாராளம். குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. பேரம் பேசி விலையைக் குறைத்ததற்கு இப்படியும் ஒரு பலன். 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்தேன். அதற்கும் அசையவில்லை என்றதும் பரிசோதனை அறிக்கையையும் நிராகரிப்புக் கடிதத்தையும் அருகருகே வைத்து மாவட்ட ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தேன். விளக்கம் அதிகம் எழுதவில்லை. அந்த இரண்டு காகிதங்களும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன, நடுவில் நான் எதற்கு?

நோட்டீஸ் போனதும் ஒரு மேனேஜர் பேசினார். அவருக்கு என் கன்சர்ன் புரியவில்லை, அதனாலேயே அவர் மேல் நம்பிக்கை வந்தது. “குட்வில்லா பாதி தர்றோம் சார்” என்றார். குட்வில் என்னிடமும் நிறைய இருக்கிறது, மீதிப் பாதி வந்ததும் காட்டுகிறேன் என்றேன். ஒரு வாரம் கழித்துச் சம்மதித்தார்கள். கேஸ்கட் செட், ஹெட் வேலை, கூலி எல்லாம் அவர்கள் கணக்கு. புகாரைத் திரும்பப் பெறும் மனுவில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன்.

பில்லில் ஒரு வரியை மட்டும் அடித்து என் பக்கம் தள்ளியிருந்தார்கள். கூலன்ட், நான்கு லிட்டர். அது வாரண்டியில் வராதாம்.