பெயர் வேறு, என்ஜின் ஒன்று

கேள்வி: என் ஃபியட் லீனியா டீசல் காருக்கு என்ஜின் சாமான் கிடைக்கவில்லை. காயலான் கடைக்குப் போடச் சொல்கிறார்கள். செலவு குறைந்த வழி உண்டா? (வாசகர், ஆவடி)

பதில்: உண்டு. ஃபியட் சாமானைத் தேடி அலையாதீர்கள், மாருதி கடைக்குப் போங்கள்! உங்கள் 1.3 லிட்டர் மல்டிஜெட்டின் உடன்பிறப்புகள்தான் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, டாடா இண்டிகா விஸ்டா டீசல் கார்களில் இருப்பவை. 2020இல் பி.எஸ்.6 வந்ததும் மாருதி இந்த என்ஜினைக் கைவிட்டது. ஆனால் பூந்தமல்லி சாலையில் டாக்ஸியாக ஓடும் பழைய டிசையர்கள் நிற்கும்வரை பிஸ்டனுக்கும் டைமிங் செயினுக்கும் கிராக்கி இருக்கும். கிராக்கி இருந்தால் சரக்கும் வரும்.

எல்லாமே அப்படியே பொருந்திவிடுமா என்றால், பொருந்தாது. லீனியாவின் டர்போ ஸ்விஃப்ட்டின் டர்போ அல்ல, இசியுவும் வேறு. பழைய பாகத்தில் பொறித்த எண்ணை ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள். விலை குறைவு என்று போலி பேரிங் வாங்கினால் கிராங்க் ஷாஃப்டே போய்விடும்; அந்த மலிவு நமக்கு வேண்டாம். கிராங்க் லேசாகத் தேய்ந்திருந்தாலும் புதிது தேட வேண்டியதில்லை. என்ஜின் வேலை தெரிந்த பட்டறையில் அளவெடுத்து, கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடலாமா என்று கேளுங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி அந்தக் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை.