வராத மாஸ்டரும் வராத பணமும்

* மூன்று மாத பரதநாட்டிய ஃபீஸை மொத்தமாகக் கட்டினேன். நாலே வகுப்பில் டீச்சர் கடையை மூடிவிட்டார். ரசீதில் ‘நான்-ரீஃபண்டபிள்’ என்று இருக்கிறதே?
ஓர் அம்மா, பொம்மசந்திரா

‘இங்கே நோட்டீஸ் ஒட்டாதே’ என்ற எழுத்தின் மேலேயே நோட்டீஸ் ஒட்டுகிற ஊர் இது. அச்சடித்ததெல்லாம் சட்டமா? குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்ப மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47)-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு இல்லாவிட்டால் 30 நாள். நாலு வகுப்புக் காசைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள். தாளம் தவறாமல்.

* பணத்துக்குப் பதில் ‘அடுத்த சம்மர் கேம்ப் இலவசம்’ என்கிறார் கராத்தே மாஸ்டர்.
ஹெப்பகோடி

நீங்கள் கொடுத்தது ரொக்கம், அவர் தருவது ஆசீர்வாதம். பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கட்டாயமில்லை. அடுத்த சம்மருக்குள் பையனுக்கு டிரெஸ் சைஸ் மாறிவிடும். மாஸ்டருக்கு விலாசம் மாறலாம்.

* நடனத்துக்கு ஒரு நீதி, டியூஷனுக்கு ஒரு நீதியா?
சந்தாபுரா

உண்டு, சாமி! கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் சென்டர்களுக்கு நெறிமுறை வெளியிட்டது. மாணவர் பாதியில் விலகினால் மீதி நாட்களுக்கான பணத்தை 10 நாளில் தர வேண்டும். விளையாட்டு, நடனம், நாடகம் இதில் சேராது என்றும் அதிலேயே எழுதிவிட்டார்கள். ஐஐடி கனவுக்கு டெல்லியில் மவுசு, அடவுக்கு இல்லை. நல்லவேளை, நுகர்வோர் சட்டத்துக்கு அல்ஜீப்ராவும் அலாரிப்பும் ஒன்றுதான்.

* பள்ளிக்கூடமே நீச்சல் வகுப்பு நடத்தி, ரத்து செய்தால்?
எலக்ட்ரானிக் சிட்டி

இங்கேதான் வழுக்கும். சேலம் விநாயகா மிஷன் பல்கலைக்கழக வழக்கில் 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது: கல்வி நிறுவனங்களும் அவை நடத்தும் நீச்சல் போன்ற பயிற்சிகளும் நுகர்வோர் சட்டத்தில் வராது; கோச்சிங் சென்டர் வரும். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை, தண்ணீரின் ஆழத்தோடு குளம் யாருடையது என்பதையும் விசாரித்துவிட்டுக் குதியுங்கள்.

* வீடு ஓசூர், வகுப்பு பொம்மசந்திரா. கேஸ் போட பெங்களூருக்கு அலைய வேண்டுமா?
ஓர் அப்பா, ஓசூர்

பழைய 1986 சட்டம் அலைய வைத்திருக்கும். இப்போது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போடுங்கள். பல மாஸ்டர்களுக்கு அதிலேயே ஞானோதயம் வந்துவிடும். மெட்ரோ மஞ்சள் பாதை பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. சட்டம் உங்களோடு ஓசூருக்கே வரும்.

* நடத்தியவர்கள் சரியாகத்தான் நடத்தினார்கள். என் பெண்தான் கீபோர்டு வேண்டாமென்று நின்றுவிட்டாள்.
அத்திப்பள்ளி

அப்படியென்றால் குரலைக் கொஞ்சம் இறக்குங்கள். மீதியைக் கேட்கலாம், மிரட்ட முடியாது. கீபோர்டை விற்றால் காசு சீக்கிரம் வரும்.

* கம்பெனியே திவாலாகிவிட்டால்?
எலக்ட்ரானிக் சிட்டி

2024 ஜூலையில் பைஜூஸின் தாய் நிறுவனத்தைப் பெங்களூரு கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் (என்சிஎல்டி) திவால் நடைமுறையில் சேர்த்தது நினைவிருக்கிறதா? அந்த நிலைக்கு வந்துவிட்டால் தனி வழக்குகளுக்குத் தடை. தீர்வு அதிகாரியிடம் பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான். முன்னால் பேங்க்காரர்கள் நிற்பார்கள். டிபன் கட்டிக்கொண்டு போங்கள்.

* ரசீதே தரவில்லை. ஜிபே செய்தேன். கேள்வி கேட்டதும் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.
பொம்மசந்திரா

ஜிபே கணக்கு கல்வெட்டு மாதிரி, அழியாது. ‘இனி வகுப்பு இல்லை’ என்று வந்த மெசேஜை, குரூப்பில் இன்னும் இருக்கும் வேறோர் அம்மாவிடம் ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள். இரண்டு வருடத்துக்குள் புகார் போட்டாக வேண்டும்.

* வகுப்பு ரத்தானதில் என் மகனுக்கு ஏக சந்தோஷம்!
சந்தாபுரா

அவனை மட்டும் சாட்சிக்குக் கூப்பிட்டுவிடாதீர்கள்.