கங்கா ஸ்நானம் ஆச்சா, சண்டை ஆச்சா?

நம்முடைய பண்டிகைகளின் பூர்வ கதைகளைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் ஒற்றுமையான குடும்பம் ஒன்றுகூடத் தேறாது. ஜவுளிக்கடை விளம்பரத்தில் மட்டும்தான் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லாரும் ஒரே நிறத்தில் பட்டு உடுத்தி ஒரே பக்கம் பார்த்துச் சிரிக்கிறார்கள். புராணத்தில் அப்படி யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. பண்டிகை நாளில் பெற்ற பிள்ளையைப் பார்த்து 'இதுக்கா தவம் கிடந்தோம்' என்று தோன்றி, அடுத்த நிமிஷமே அது வாயெல்லாம் லட்டோடு சிரிக்கும்போது உருகி, இதில் எது நிஜம் என்று குழம்பும் பெற்றோருக்காக இந்தச் சரித்திரம். குழம்ப வேண்டாம். மரபு உங்கள் பக்கம்தான்.

கைலாசத்திலிருந்து ஆரம்பிப்போம். நாரதர் ஒரு மாம்பழத்தோடு வருகிறார். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒற்றைப் பழத்தோடு வருகிற விருந்தாளியை எங்கள் நந்தனம் அடுக்ககத்து வாட்ச்மேன் கேட்டிலேயே மடக்கியிருப்பார். கைலாசத்தில் நந்திக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. 'அறுக்காமல் ஒருவரே சாப்பிட வேண்டும்' என்று நிபந்தனை வேறு. உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்குப் பழம் என்று அப்பா அறிவித்தார். அந்த ராஜதந்திரத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் வீட்டை விட்டுக் கிளப்ப வழி கண்டுபிடித்துவிட்டார். இன்று நாம் மே மாதத்தில் பணம் கட்டிச் சேர்க்கிற சம்மர் கேம்புக்கு மூலவர் அவரே.

சின்னவன் நம்பி மயிலேறிப் போய்விட்டான். பெரியவன் அப்பாவையும் அம்மாவையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை நீட்டினான். பழம் கிடைத்தது. திரும்பி வந்த சின்னவன் கோவணத்தோடு பழநிக்குக் கிளம்பினான். இதன் பின்விளைவைப் பாருங்கள்: கோபித்துக்கொண்டு போனவனுக்கு ஆறு படைவீடு. சொல்பேச்சு கேட்டு வீட்டோடு இருந்தவனுக்கு அரசமரத்தடி, ஆற்றங்கரை, தெருமுனை. சொத்துப் பிரிப்பதில் பெற்றோரின் நியாயம் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை.

தீபாவளி இதைவிட மோசம். நரகாசுரனுக்கு அப்பா திருமால், அம்மா பூமாதேவி. குலம், கோத்திரம், வசதி எதிலும் குறை சொல்ல முடியாது. பையன் மட்டும் சரியில்லை. தாயின் கையால்தான் சாவு என்று வரம் வாங்கி வைத்திருந்தான். எந்தத் தாய் பிள்ளையைக் கொல்லுவாள் என்ற கணக்கு. பண்டிகைக்கு முந்தின நாள் ஒரு தாய் எந்த நிலைமையில் இருப்பாள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. போர்க்களத்தில் கண்ணன் மயங்கி விழுகிறார். மயக்கமா, நடிப்பா என்று கதை சொல்கிறவர்களே ஆளுக்கொன்று சொல்வார்கள். பிள்ளையைக் கண்டிக்க வேண்டிய கட்டம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிற அப்பாக்களின் பரம்பரை அங்கே தொடங்குகிறது. பூமாதேவியின் அவதாரமான சத்தியபாமா வில்லை எடுத்தாள். கதை முடிந்தது. உயிர் போகிற நேரத்தில் பையன், 'நான் செத்த நாளை ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கொண்டாட வேண்டும்' என்று கேட்டுக்கொண்டானாம். அம்மாவைக் குற்ற உணர்ச்சியில் தள்ள இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு எந்தப் பிள்ளைக்கும் தோன்றாது.

ஆகவே அதிகாலை நாலு மணிக்கு, கையில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு "எந்திரிக்கிறியா, இல்லையாடா?" என்று உங்கள் வீட்டில் எழும் குரல் சத்தியபாமாவின் குரல். உச்சியில் வைத்த எண்ணெய் கண்ணில் வழிவதும், சீயக்காய் அதற்குமேல் எரிவதும், அழுகிற வாய் திறந்திருக்கும்போதே லேகிய உருண்டை உள்ளே போவதும் போர்க்களத்தின் மிச்சங்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் என்று அளந்து கொடுத்தது. தமிழ்நாட்டில் காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு. நாலு மணிக்கு எழுப்பப்பட்ட பிள்ளை ஆறு மணி வரை என்ன செய்யும் என்பதைத் தீர்ப்பைப் படித்த யாரும் யோசிக்கவில்லை. அது ஹாலில் உட்கார்ந்து, "இப்ப மணி என்னப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். முந்தின வாரம் முழுக்க வெங்கட்நாராயணா சாலையில் தி. நகருக்கு நடந்து, ரங்கநாதன் தெருவில் கசங்கி, வாங்கி வந்த சட்டை கழுத்தில் உறுத்துகிறது என்று கழற்றியும் எறிந்திருக்கும்.

இதெல்லாம் தேவலோகத்துச் சங்கதி, மனிதர்கள் ஒழுங்காகத்தான் பண்டிகை கொண்டாடினார்கள் என்று நினைப்பவர்கள் புகாருக்கு வரவும். இந்திரவிழா அங்கே இருபத்தெட்டு நாள். முடிந்ததும் ஊர் மொத்தமும் கடற்கரைக்குக் கிளம்பியது. கோவலன் கோவேறு கழுதையில், மாதவி வண்டியில். ஒரே இடத்துக்குப் போகும் ஜோடி தனித்தனி வாகனத்தில் கிளம்பும்போதே நமக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. இளங்கோவடிகள் மட்டும் பெருந்தன்மையாக மேலே போகிறார். புன்னை நிழலில் திரை கட்டி உட்கார்ந்தார்கள். அவன் ஒரு பாட்டுப் பாடினான். யாரை நினைத்து என்று அவளுக்குச் சந்தேகம். அவள் பதிலுக்குப் பாடினாள். யாரை நினைத்து என்று அவனுக்குச் சந்தேகம். எழுந்து போயே போய்விட்டான். அந்தக் கோபத்தின் பாக்கி மதுரை எரிந்த பிறகுதான் தீர்ந்தது. அன்றைக்கு மணிமேகலையை யாரிடம் விட்டுவிட்டு வந்தார்கள் என்று காப்பியத்தில் ஒரு வரி இல்லை. சித்திராபதிப் பாட்டியிடம்தான் விட்டிருப்பார்கள். பாட்டிகள் இல்லாவிட்டால் ஐம்பெருங்காப்பியம் ஐந்தும் நடந்திருக்காது.

புகாரில் இன்னொரு அப்பா இருந்தார், சோழ ராஜா நெடுமுடிக்கிள்ளி. நாகநாட்டுப் பீலிவளையிடம் அவருக்குப் பிறந்த குழந்தை கப்பலில் வரும்போது கப்பல் கவிழ்ந்தது. ராஜா பித்துப் பிடித்தவராகக் கடற்கரை கடற்கரையாகப் பிள்ளையைத் தேடி அலைந்தார். அந்த அலைச்சலில் இந்திரவிழா மறந்துபோனது. ஊரைக் கடல் கொண்டது. மணிமேகலை சொல்கிற கதை இது. பிள்ளையை விட்டுவிட்டுப் பண்டிகை கொண்டாடினால் குற்றம். பண்டிகையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தேடினால் நகரமே போச்சு. பெற்றோருக்கு எந்தப் பக்கமும் தப்பிக்க வழி இல்லை என்பதை இவ்வளவு கறாராக வேறு எந்த நூலும் சொன்னதில்லை.

நச்சினார்க்கினியர் தம் உரையில் இந்தச் சோழன் கதைக்கு ஓர் ஒன்றுவிட்ட தம்பி முறையில் இன்னொரு கதை வைத்திருக்கிறார். அந்தச் சோழன் நாககன்னியிடம், 'பிள்ளைக்குத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடு, கரை சேர்ந்தால் நாட்டில் பங்கு தருகிறேன்' என்றானாம். பிள்ளை கரை சேர்ந்தான். தொண்டைமான் இளந்திரையன் ஆனான். அவன் ஆண்டது தொண்டை மண்டலம். சென்னை அதற்குள்தான் இருக்கிறது. காணும் பொங்கலன்று மெரினாவில் போலீஸ்காரர்கள் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்களே, அதைப் புது யோசனை என்று நினைக்காதீர்கள். தொலைந்துபோகப் போகிற பிள்ளைக்கு அடையாளம் கட்டி அனுப்பும் வழக்கத்தின் மேல்தான் இந்த மாகாணமே எழுந்திருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் காலத்தில் குடும்ப உல்லாசம் கட்டட வசதி பெற்றது. 1851-இல் ஆரம்பித்த அருங்காட்சியகம் பிறகு எழும்பூருக்கு வந்தது. அதன் வளாகத்திலேயே 1855-இல் எட்வர்ட் பால்ஃபர் மிருகக்காட்சி சாலை ஆரம்பித்தார். அது பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. சென்னைக்காரர்கள் முதலாவதைச் செத்த காலேஜ் என்றும் இரண்டாவதை உயிர் காலேஜ் என்றும் சொன்னார்கள். பொங்கலுக்கு வெளியூரிலிருந்து மாமா, சித்தி, அத்தைப் பிள்ளைகள் வந்து எங்கள் நந்தனம் குவார்ட்டர்ஸை நிரப்பினால், அப்பா எல்லாரையும் பஸ் ஏற்றிக்கொண்டு இரண்டு காலேஜிலும் ஒரே நாளில் பட்டம் வாங்கித் தந்துவிடுவார். அம்மா விடியுமுன்னே எழுந்து கிளறிய புளியோதரை தூக்குச் சட்டியில். எங்களுக்கு நினைவிருப்பது திமிங்கல எலும்புக்கூடு. அம்மாவுக்கு நினைவிருப்பது மறுநாள் கழுவிய பாத்திரம். அப்பா அந்தத் திமிங்கலத்துக்குப் பக்கத்தில் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தார். எழுப்பியபோது எங்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தார். 'இத்தனை பேரும் நம்மளுதா' என்ற திகில் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு எல்லாருக்கும் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். தனக்கு மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. திகிலும் பாசமும் ஒரே ஆளிடம் ஐந்து நிமிஷ இடைவெளியில் வெளிப்பட்டதைப் பார்த்த எங்களுக்கு அது முரண்பாடாகவே தெரியவில்லை. ஐஸ் கரைந்துவிடுமே என்பதுதான் எங்கள் கவலை.

1985-இல் உயிர் காலேஜ் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. எங்கள் ஏரியாவுக்கு ஆறுதலாக, பொங்கலை ஒட்டிப் புத்தகக் காட்சி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. 1920-இல் உடற்கல்வி சொல்லித்தரப் பிறந்த நிறுவனத்தின் மைதானம் அது. இப்போது பெற்றோர் அங்கே பயிற்சி எடுக்கிறார்கள். ஒரு தோளில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகம், இன்னொரு தோளில் தூங்கிப்போன பிள்ளை, கையில் அது கடித்து மீதி வைத்த டெல்லி அப்பளம். எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்கப் போன தகப்பனைப் பிள்ளை இடுப்பைப் பிடித்து இழுத்து "உச்சா" என்கிறது. தமிழ் இலக்கியம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

ஆகப் பண்டிகை என்பது அன்பான குடும்பம் கூடிக் களிக்கும் நாள் என்று நம்பி ஏமாற வேண்டாம். ஏற்கெனவே சண்டை போட்ட குடும்பம், போடப்போகிற குடும்பம், வேறு வழியில்லாமல் ஒரே கூரைக்குக் கீழே வடை சாப்பிடுகிற நாள் அது. எரிச்சலும் அதன் சடங்குகளில் ஒன்று. எண்ணெய்க் குளியலைப் போல அதையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது முறையாகச் செய்துவிட வேண்டும். சிவபெருமானே இரண்டு பிள்ளைகளை வைத்துச் சமாளிக்க முடியாமல் போட்டி வைத்தார் என்றால், மாதச் சம்பளக்காரர்கள் செல்போனைக் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுவதில் பாவமில்லை.

வீட்டில் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இந்தக் காணும் பொங்கலுக்கு எங்கயும் போக வேணாம், பேசாம வீட்லயே கிடக்கலாம்" என்றாள். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் நெடுமுடிக்கிள்ளிக்கு நடந்ததை அவளுக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது. நந்தனத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது நாலைந்து கிலோமீட்டர்தான்.