பிழைப் பஞ்ச நிவாரண விண்ணப்பம்

அனுப்புநர்:
தரவுத் தணிக்கைக் குழுவினர் ஐவர் (ஒருவர் பிரசவ விடுப்பில், அவருக்கும் டார்கெட் உண்டு),
இரண்டாம் மாடி, லிஃப்டுக்குப் பின்புறம்.

பெறுநர்:
மாண்புமிகு செயல்திறன் மதிப்பீட்டுக் குழு,
ஒன்பதாம் மாடி.

பொருள்: பிழை கண்டுபிடித்தல் – ஆள் ஒன்றுக்கு மாத இலக்கு 250 – பிழைக் கையிருப்பு தீர்ந்துபோனது – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சுற்றறிக்கை, நாள் 31.04 (பதினொரு கையெழுத்துகளுடன்).

ஐயா, அம்மா,

பார்வையில் கண்ட சுற்றறிக்கை கிடைக்கப்பெற்றோம். நகைக்கடன் கொடுக்கும் நம் நிறுவனத்தில், வாடிக்கையாளர் பெயர், முகவரி, அடகு எடை, தவணைத் தேதி எல்லாம் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை எங்களுடையது. இத்தனை வருடமாக எங்கள் வேலையை எதை வைத்து அளப்பது என்று யாருக்கும் தெரியாததால் எங்களை யாரும் அளக்கவில்லை. இன்கிரிமென்ட் சமயத்தில் மட்டும் “நீங்கள் அங்கே என்னதான் செய்கிறீர்கள்?” என்று அன்போடு விசாரிப்பார்கள். அந்தக் குறையை ஒரே பக்கத்தில் தீர்த்து வைத்தீர்கள்: ஒரு ஆள், ஒரு மாதம், 250 பிழை. எட்டினால் பச்சை, நெருங்கினால் மஞ்சள், தவறினால் சிவப்பு.

முதல் மாதம் பச்சை. இரண்டாம் மாதமும் பச்சை. மூன்றாம் மாதம் பதினெட்டாம் தேதியோடு பிழை தீர்ந்துவிட்டது.

காரணம், அதே சுற்றறிக்கையின் பின்பக்கம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் டேட்டா என்ட்ரி பிள்ளைகளுக்கு அங்கே வேறொரு இலக்கு இருந்தது: காலாண்டுக்குள் பிழையை 40 சதவீதம் குறைக்க வேண்டும். பாவம், குறைத்துவிட்டார்கள். ஒரே தாளின் முன்பக்கத்தில் எங்களை அறுவடைக்கு அனுப்பிவிட்டு, பின்பக்கத்தில் விதைப்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். பிழை இருந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு, இல்லாவிட்டால்தான் அவர்களுக்கு. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் எங்கே சந்திப்பார்களோ அங்கேதான் நாங்களும் சந்தித்தோம். டீக்கடையில்.

அங்கே பேசி முடித்த ஒப்பந்தத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அவர்கள் மாதக் கடைசியில் கொஞ்சம் பிழை போட்டுக் கொடுப்பார்கள். நாங்கள் அவற்றை ‘பழைய பாக்கி’ என்ற தலைப்பில் பதிவோம். அதனால் அவர்கள் கணக்கில் ஏறாது. விலை, இருபது பிழைக்கு ஒரு டீ, ஒரு வடை. இரு துறைகளும் பச்சையானது இப்படித்தான். அந்த மாதம் ஒன்பதாம் மாடியிலிருந்து கேக் வந்தது. கிரீமில் எங்கள் குழுவின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். அதையும் சேர்த்துக்கொண்டோம்.

ஒப்பந்தம் கட்டுப்படியாகாத மாதங்களில் எங்களைக் காப்பாற்றியது புள்ளி. தலைப்பெழுத்துக்கும் பெயருக்கும் நடுவில் வருகிற புள்ளியைச் சொல்கிறோம். ‘எஸ்.முருகன்’ என்று ஒரு கிளையில், ‘எஸ். முருகன்’ என்று இடம்விட்டு இன்னொரு கிளையில், ‘முருகன் எஸ்’ என்று மூன்றாவதில். இந்த ஊரில் அப்பன் பெயர் முன்னால் ஓரெழுத்தாக நிற்கும். நம் மென்பொருளோ குடும்பப் பெயரைக் கேட்டு அடம்பிடிக்கும். கவுன்டரில் இருப்பவர் ஒருநாள் அப்பா பெயரை அங்கே போடுவார், ஒருநாள் ஊர்ப் பெயரை, ஒருநாள் வெறும் புள்ளியை. ‘ழ’ வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பழனி, கனிமொழி, தமிழரசி ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் மூன்று பேராகிவிடுகிறார்கள். ஒரு மதிய நேரத்தில், சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்து, புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லாத பெயர்களை மட்டும் வடிகட்டினோம். ஐந்து பேருக்கும் அடுத்த மாதத்துக்கும் சேர்த்துக் காணும் அளவுக்குக் கிடைத்தது. யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாத பிழைகள். ‘சிறந்த குழு’ கேடயம் கொடுத்தீர்கள். லிஃப்ட் பக்கத்தில்தான் மாட்டியிருக்கிறோம்.

இந்தக் கணக்கின்படி பார்த்தால் நக்கீரர் ஆள் தேறமாட்டார். வாழ்நாளெல்லாம் சங்கப் பலகையில் உட்கார்ந்து ஒரே ஒரு பிழை. அதுவும் வாடிக்கையாளரோடு தகராறு. 250க்கு 1 என்றால் 0.4 சதவீதம், அடர்சிவப்பு. நெற்றிக்கண் வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை, அப்ரைசலே எரித்திருக்கும்.

இனிச் சொல்லப்போவது நாங்கள் சிவப்பான மாதத்தைப் பற்றி. உங்கள் திரையில் அது ‘உற்பத்தித்திறன் வீழ்ச்சி’ என்று ஒரு பள்ளமாகத் தெரிந்திருக்கும்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி இருக்கிறான். தென்மாவட்டக் கிளை ஒன்றுக்கு வேறு வேலையாகப் போனவன், ஸ்டோர் ரூமில் ரப்பர் பேண்டு போட்ட தபால் கட்டு ஒன்றைப் பார்த்திருக்கிறான். தவணை தாண்டிய நகைகளை ஏலம் விடுவதற்கு முன் நாம் அனுப்புகிற நோட்டீஸ்கள். எல்லாம் திரும்பி வந்தவை. மேலே தபால்காரரின் கையெழுத்தில் ‘முகவரி சரியில்லை’. ஒன்றை எடுத்துப் படித்தான். கதவிலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ‘4-டிச’. கீழே பிள்ளையார் கோயில் தெரு.

பழைய எண் 12, புதிய எண் 4. நம் ஊரில் அதை 12/4 என்று எழுதுவது வழக்கம். வீட்டுச் சுவரிலும் அப்படித்தான் இருக்கும், ரேஷன் கார்டிலும் அப்படித்தான். கிளையில் அதை எக்செல்லில் அடித்திருக்கிறார்கள். எக்செல்லுக்கு 12/4 என்றால் தேதி. அமெரிக்க முறைக்குப் பழக்கிய கம்ப்யூட்டரில் அது டிசம்பர் 4, இந்திய முறைக்கு மாற்றியதில் ஏப்ரல் 12. பெரிய எண்ணுள்ள வீட்டுக்காரர்கள் தப்பித்தார்கள், 47/31 எந்த ஊரிலும் தேதியாகாது. சின்ன எண் வீடுகள் மட்டும் காலண்டருக்குக் குடிபோய்விட்டன.

அந்த நோட்டீஸ் ஒரு அம்மாளுடைய தாலிக்கொடிக்கானது. ஏலத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. தம்பி நேரே பிள்ளையார் கோயில் தெருவுக்குப் போனான். அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். விஷயத்தைச் சொன்னதும் கீரையைக் கீழே வைக்காமலே, “கடுதாசி வரலியே தம்பி, வந்தா வந்திருக்க மாட்டேனா” என்றாராம். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் காலையில் வட்டியோடு வந்துவிட்டார்.

திரும்பி வந்த தம்பி, அந்தக் கிளையின் முகவரிக் கோப்பு முழுவதையும் கையால் சரிபார்த்தான். எந்தத் தேதி எந்தக் கதவிலக்கத்திலிருந்து வந்தது என்பதை அடகுச் சீட்டின் அடிக்கட்டையைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். எட்டு வேலை நாள். மாதக் கடைசியில் படிவத்தில் எழுதினான்: பிழை வகை ‘முகவரி’, எண்ணிக்கை ‘1’. ஏன்டா ஒன்று என்று கேட்டோம். “அந்தக் கட்டத்தை எழுத்து என்று மாற்றாமல் விட்டது ஒரு தப்புத்தானே அண்ணா?” என்றான். உங்கள் குழுவிலிருந்து அவனுக்கு வந்த மின்னஞ்சல் ‘முன்னேற்றத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளீர்கள்’ என்று தொடங்குகிறது.

அவன் கேட்ட கேள்வியை நாங்கள் உங்களிடம் கேட்கிறோம். எது ஒரு பிழை? 2023இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையைப் படித்திருப்பீர்கள். ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுப் பட்டியலில் ஏறத்தாழ ஏழரை லட்சம் பேருக்கு ஒரே கைபேசி எண். பத்தும் ஒன்பது. அதைக் கண்டுபிடித்தவர்கள் நம் நிறுவனத்தில் இருந்திருந்தால் அவர்களுக்கு எவ்வளவு போடுவீர்கள்? ஏழரை லட்சமா, ஒன்றா? ஏழரை லட்சம் என்றால், தலைமுறைகளுக்குப் போதும்; பேரன் பேத்திகள்கூட அப்ரைசல் கவலை இல்லாமல் வாழலாம். ஒன்று என்றால், எங்கள் தம்பியோடு சேர்ந்து முன்னேற்றத் திட்டத்தில் உட்கார வேண்டியதுதான். பத்து ஒன்பதுகளை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிற ஒரு கட்டத்தை அடைத்தால் அப்புறம் அப்படி வராது என்பது உங்கள் அளவுகோலில் எங்கேயும் விழாது. வராமல் போன பிழையை எந்த எக்செல்லிலும் எண்ண முடியாதே.

உங்கள் சுற்றறிக்கை, இலக்கு வகுக்கும் ‘ஸ்மார்ட்’ என்ற ஐந்தெழுத்து முறைப்படி தயாரிக்கப்பட்டது என்று முகப்பிலேயே போட்டிருக்கிறீர்கள். ஜார்ஜ் டோரன் என்பவர் 1981இல் ஒரு மேலாண்மை இதழில் எழுதிய சின்னக் கட்டுரையிலிருந்து வந்தது அது. அவர் எழுதியபோது அதிலுள்ள ‘ஏ’ என்பதற்கு ‘யார் பொறுப்பு’ என்று பொருள். வழியில் யாரோ அதை ‘முடியுமா’ என்று மாற்றிவிட்டார்கள். எல்லா இலக்குக்கும் ஐந்து அம்சமும் இருந்தாக வேண்டும் என்பதில்லை என்றும் அதே கட்டுரையில் சொல்லியிருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த வரியை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நாங்கள் கேட்டதில்லை. வகுப்பில் பாம்பைக் கொன்றால் பரிசு என்றதும் ஆட்கள் பாம்பு வளர்த்த கதையும், எலிவாலுக்குக் காசு என்றதும் வாலை மட்டும் நறுக்கிவிட்டு எலியை விட்ட கதையும் கேட்டோம். நீங்களும் எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தீர்கள்.

‘குறை மட்டும் சொல்லாதீர்கள், தீர்வு சொல்லுங்கள்’ என்று ஒன்பதாம் மாடிச் சுவரில் எழுதியிருப்பதால் சொல்கிறோம். எங்களை அளக்க வேண்டாம் என்பதல்ல எங்கள் கோரிக்கை. சரியாக அளந்தால் எங்களில் இரண்டு பேர் மாட்டுவோம். யார் என்று எங்களுக்கே தெரியும்.

எங்களுக்குத் தெரியாமல் ஐம்பது தப்பான பதிவுகளை நீங்களே உள்ளே போடுங்கள். மாதக் கடைசியில் அவற்றில் எத்தனை எங்களிடம் சிக்கியது என்று பாருங்கள். டீக்கடையில் வாங்க முடியாத சரக்கு அது.

இன்னொன்று, ஒரே பதிவுக் கட்டை எங்களில் இருவரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1930களின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் சாகுபடியைக் கணக்கெடுத்தபோது புள்ளியியலாளர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஒரே பகுதிக்கு இரண்டு அணிகளைத் தனித்தனியே அனுப்பினார். இரண்டு கணக்கும் எவ்வளவு விலகுகிறதோ அதிலிருந்து கணக்கெடுப்பவர்களின் லட்சணம் தெரிந்துவிடும். எங்கள் விஷயத்தில் குளத்து மீனை எண்ணுகிற கணக்குப் போலப் போடலாம். முதல் ஆள் 20 பிழை கண்டார், இரண்டாம் ஆள் 15, இரண்டு பேர் பட்டியலிலும் இருப்பவை 10 என்று வையுங்கள். இருபதைப் பதினைந்தால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 30. ஆனால் இருவரும் சேர்ந்து கண்டது 25தான். ஆக, இருவர் கண்ணிலும் படாமல் சுமார் ஐந்து பிழை அந்தக் கட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கண்டுபிடித்ததை விட்டுவிட்டு, கண்டுபிடிக்காததை அளக்கிற அளவுகோல் இது. ஒரே நிபந்தனை, அந்த வாரம் இருவரும் ஒரே டீக்கடைக்குப் போகக் கூடாது.

மாதிரி எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் நீங்கள் எப்போதும் மேலாக இருக்கிற சோற்றையே எடுக்கிறீர்கள். தலைமையகத்துக்குக் கீழேயே இருக்கிற கிளை, ஏசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி. அடிப்பிடித்தது எங்கே என்று அதில் தெரியாது. எல்லாக் கிளையையும் கலந்து, குலுக்கல் முறையில் முந்நூறு பதிவு எடுத்து, ஒன்றில்கூடத் தப்பு இல்லாவிட்டால் மொத்தத்தில் தப்பு நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இராது என்று ஏறக்குறையத் தைரியமாகச் சொல்லலாம். அதற்கு ஐந்து பேரும் ஐந்து நாளும் போதும். மிச்ச நாட்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள். திரும்பி வந்த தபால் கட்டுகளைப் பிரிப்போம்.

அதையே இலக்காகவும் வைக்கலாம்: திரும்பி வரும் ஏல நோட்டீஸ் எத்தனை, பிழை என்று நாங்கள் எழுதிக் கொடுத்த நாளுக்கும் அது திருத்தப்பட்ட நாளுக்கும் நடுவே எத்தனை நாள், திருத்திய பிழை திரும்பவும் வந்ததா. இதில் ஒரு சங்கடம் உண்டு. நாங்கள் எழுதிக் கொடுத்தவற்றுக்கு ஒப்புதல் தருவது ஒன்பதாம் மாடி. எங்கள் அறிக்கை அங்கே ஒரு மேசையில் எத்தனை நாள் இருந்தது என்பதும் அந்தக் கணக்கில் தெரியும். நிறம் எங்கள் மாடியில் மட்டும் மாறாது.

தங்கள் மேலான கவனத்துக்கும் தக்க நடவடிக்கைக்கும் கீழ்ப்பணிந்து சமர்ப்பிக்கிறோம்.

இங்ஙனம்,
தரவுத் தணிக்கைக் குழுவினர்

இணைப்பு: திரும்பி வந்த தபால் உறை ஒன்று (4-டிச, பிள்ளையார் கோயில் தெரு).

நகல்: டேட்டா என்ட்ரி பிரிவு, கண்ணாடித் தடுப்பு வழியாக.

பின்குறிப்பு: முன்னேற்றத் திட்டத்தில் இருக்கும் தம்பி இந்த மாதம் 249 வரை வந்துவிட்டான். இன்று மாதக் கடைசி நாள். ஒன்று குறைகிறதே என்று கவலையோடு உட்கார்ந்திருந்தவன், இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்யும்போது, பார்வையில் கண்ட தங்கள் சுற்றறிக்கையின் தேதியை இரண்டாம் முறை படித்தான். பதினொரு பேர் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அவன் கட்டத்தைப் பச்சையாக்க வேண்டுகிறோம்.