கொத்தனாரின் பற்றுரிமை

வைரத்தைப் பட்டை தீட்டக் கொடுத்தவர் கூலியைத் தரவில்லை என்றால், தீட்டியவர் வைரத்தைத் தராமல் வைத்துக்கொள்ளலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு சொல்லும் எடுத்துக்காட்டே இதுதான். இந்த உரிமைக்குப் பற்றுரிமை என்று பெயர். அதே பிரிவின் இரண்டாவது எடுத்துக்காட்டில் ஒரு தையல்காரர் வருகிறார். தைத்து முடித்ததும் கோட்டைக் கொடுத்துவிடுவதாகவும், கூலிக்கு மூன்று மாதத் தவணை தருவதாகவும் அவர் ஒத்துக்கொண்டிருந்தால் கோட்டைப் பிடித்துவைக்க முடியாது. தவணை கொடுத்தவருக்குப் பற்றுரிமை இல்லை.

புதுச்சேரியின் செல்லிப்பட்டு மேஸ்திரி ஒருவர் திருபுவனைத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குக் கிடங்கு கட்டித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அஸ்திவாரத்துக்கு அட்வான்ஸ் வந்தது, ரன்னிங் பில் இரண்டு பாஸாயிற்று. தளம் போட்ட பிறகு மேனேஜர் போனை எடுப்பதில்லை. கம்பி கட்டியவருக்கும் சென்ட்ரிங்காரருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். மேஸ்திரி எதைப் பிடித்துவைப்பார்? 170ஆம் பிரிவு பேசுவது கையில் ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பற்றி. கிடங்கு நிலத்தோடு சேர்ந்தது, நிலம் கம்பெனியுடையது, மேஸ்திரி அங்கே வேலை செய்ய அனுமதிக்கப்பட்டவர் மட்டுமே. மணலும் ஜல்லியும் சப்ளை செய்தவருக்கு 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் ஒரு பற்றுரிமை தருகிறது. ஆனால் சரக்கு கைமாறியதும் அதுவும் தீர்ந்துவிடும். கடன் கொடுத்த வங்கிக்கோ 171ஆம் பிரிவில் பொதுப் பற்றுரிமையே உண்டு. அதற்கு மேல், வங்கியிடம் அடமானத்தில் இருக்கும் நிலத்தில் மேஸ்திரி எழுப்பும் சுவரும் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 70ஆம் பிரிவுப்படி பொதுவாக அடமானத்தில் சேர்ந்துவிடும். தன் உழைப்பு இன்னொருவர் கடனுக்கு ஈடாவதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

புதுச்சேரி மண்ணில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1804இல் இயற்றப்பட்ட பிரெஞ்சு சிவில் சட்டத்தொகுப்பு 1819இல் இங்கே நடைமுறைக்கு வந்தது. அதன் 2103ஆம் பிரிவு, கட்டடமோ கால்வாயோ வேறு எந்த வேலையோ கட்டிய, திரும்பக் கட்டிய, பழுதுபார்த்த கட்டடக் கலைஞர், ஒப்பந்ததாரர், கொத்தனார், தொழிலாளர் எல்லோருக்கும் அந்தச் சொத்தின் மீதே முன்னுரிமை தந்தது. நிபந்தனைகள் கடுமையானவை. வேலை தொடங்குமுன் நீதிமன்றம் அமர்த்தும் நிபுணர் இடத்தைப் பார்வையிட்டு எழுதிவைக்க வேண்டும். முடிந்து 6 மாதத்துக்குள் மறுபடியும் ஒரு நிபுணர் வந்து வேலையை ஏற்க வேண்டும். வேலையால் சொத்தின் மதிப்பு எவ்வளவு கூடியதோ, சொத்து கைமாறும்போது அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் முன்னுரிமை. சிறு மேஸ்திரிக்கு இது எட்டாக் கனி என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் கூடிய மதிப்பு யார் உழைப்பால் வந்ததோ அவருக்கே முதலில் என்ற கணக்கில் இருக்கும் நியாயத்தை நான் வேறெந்தச் சட்டத்திலும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. 1798ஆம் பிரிவு கூலியாட்களையும் மறக்கவில்லை. ஒப்பந்ததாரருக்கு உரிமையாளர் தர வேண்டிய பாக்கி இருக்கும் அளவுக்கு, கொத்தனாரும் தச்சரும் நேராக உரிமையாளர் மீதே வழக்குப் போடலாம்.

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டித்தது. அந்நிய ஆட்சி போனதில் யாருக்கும் வருத்தமில்லை. அதன் சட்டத்தில் கொத்தனாருக்கு இருந்த இடத்தைப் புதிய சட்டம் நிரப்பாமல் விட்டது மட்டுமே என் வருத்தம்.

இப்போது இருக்கும் வழிகளைப் பார்ப்போம். உரிமையியல் வழக்குக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டு கெடு. தீர்ப்புக்கு முன்பே சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம் என்றாலும், ஈடில்லாத கடனை ஈடுள்ள கடனாக்கும் வழியல்ல அது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திவால் சட்டத்தின் கதவைத் தட்ட 2020 முதல் பாக்கி 1 கோடி ரூபாயாவது இருக்க வேண்டும். சிறு, குறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றில் நல்லது: 45 நாளுக்கு மேல் இழுத்தால் வங்கி விகிதத்தைப் போல் 3 மடங்கு கூட்டுவட்டி. தீர்ப்பை எதிர்க்க வரும் கம்பெனி முதலில் 75 விழுக்காட்டைக் கட்ட வேண்டும். இதற்கான உத்யம் பதிவை வேலை தொடங்கும் முன்பே செய்துகொள்ள வேண்டும். ஆனால் பொருளும் உழைப்பும் கலந்த கட்டட ஒப்பந்தம் இந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதிலேயே உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை.

வேறு சில நாடுகள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டன. வாஷிங்டன் நகரை எழுப்புவதற்காக மேரிலாந்து மாநிலம் 1791இலேயே கட்டுவோருக்குக் கட்டடத்தின் மீது பற்றுரிமை கொடுத்தது. தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்டாரியோவில், ஒவ்வொரு பில்லிலும் 10 விழுக்காட்டை உரிமையாளர் நிறுத்திவைக்க வேண்டும். கீழ்நிலை ஒப்பந்ததாரர்களுக்கு அது காப்பு. பணம் வராதவர் குறித்த கெடுவுக்குள் சொத்துப் பதிவேட்டிலேயே தன் பற்றுரிமையை ஏற்றலாம். அதன் பிறகு அந்தச் சொத்தை விற்பதும் அதன் பேரில் கடன் வாங்குவதும் எளிதல்ல.

ஒப்பந்தமும், விவசாய நிலம் தவிர்த்த சொத்து மாற்றமும் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. பொதுப் பட்டியலில் சட்டம் இயற்றும் அதிகாரம் புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கு உண்டு. மத்தியச் சட்டத்தோடு மோதும் இடத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். நீண்ட சட்டம் தேவையில்லை. பாக்கியுள்ள மேஸ்திரி, கையெழுத்தான அளவுப் புத்தகத்தைக் காட்டிச் சார்பதிவாளரிடம் ஒரு பதிவு போடவும், பாக்கி தீரும் வரை கம்பெனியின் வில்லங்கச் சான்றில் அது தெரியவும் வழி செய்தால் போதும்.