உள்ளே என்ன சிப்?

2007 வாக்கில் யாராவது லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, "வைஃபை வருதா?" என்பதுதான். திரை வந்துவிடும், ஒலியும் எப்படியாவது வந்துவிடும். வைஃபை மட்டும் முரண்டு பிடிக்கும். அதற்கான டிரைவரை இறக்கவே லேன் கேபிளைச் செருகிக்கொண்டு மோடத்தின் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. இன்று லினக்ஸ் போடுகிற பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. நிறுவும்போதே வைஃபை வந்து நிற்கிறது. அன்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களான நாங்கள் ஏங்கியது கிடைத்துவிட்டது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் பிராட்காம் சிப் இருந்தது. அதன் உள்விவரங்கள் வெளியில் கிடையாது. என்டிஸ்ராப்பர் என்றொரு வழி இருந்தது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட டிரைவரை அப்படியே லினக்ஸின் மையமான கர்னலுக்குள் ஏற்றி ஓட்டும். வேலை செய்யும், ஆனால் யாரை விட்டு விலகி வந்தோமோ அவரையே நடுவீட்டில் குடிவைத்தது போலத்தான். இன்னொரு வழியை உண்டாக்கியவர்கள் தன்னார்வலர்கள். ஒரு குழு மூடிய டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று எழுதி வைத்தது. அந்த மூடிய நிரலைத் தொடாத வேறொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக டிரைவர் எழுதியது. பதிப்புரிமை வழக்கு வந்தால் தாக்குப்பிடிக்க வேண்டுமே என்றுதான் இந்தப் பிரிவினை. 2006இல் அந்த டிரைவர் கர்னலுக்குள் சேர்ந்தது. சம்பளம் இல்லாமல் செய்த வேலை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை மேலிடுகிறது.

அப்போதும் ஒரு முள் மிச்சமிருந்தது. அந்தச் சிப்புக்குள் ஒரு குட்டிச் செயலி இருக்கிறது. லேப்டாப்பை இயக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு நிரலை ஊட்ட வேண்டும். அதுதான் ஃபர்ம்வேர். அதைப் பகிர உரிமை இல்லாததால், கம்பெனியின் டிரைவரை நாமே இறக்கி, அதிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டியெடுக்கத் தனியாக ஒரு கருவி வைத்திருந்தார்கள்.

இந்தத் தொல்லை எதுவும் இல்லாத கார்டு என்று எங்களிடையே பேர் வாங்கியது ஏத்தெரோஸ். 2008இல் அந்தக் கம்பெனியே ஏத்9கே என்ற கட்டற்ற, அதாவது மூலநிரல் திறந்த, டிரைவரை வெளியிட்டது. அதே ஆண்டு கர்னல் 2.6.27இல் அது சேர்ந்தது. இந்த வரிசையில் பிசிஐ வகைக் கார்டுகளுக்கு ஃபர்ம்வேர் கோப்பே வேண்டாம். நொடியின் மிகச்சிறு பகுதிக்குள் நடக்க வேண்டிய வேலையைச் சிப்பின் சுற்றே பார்த்துக்கொள்கிறது. மீதி எல்லாம் நம் செயலியில், நாம் படிக்கக்கூடிய டிரைவரில் நடக்கிறது.

அந்தக் கார்டைத் தேடித்தான் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போவோம். "அண்ணே, இதுல என்ன சிப்பு?" என்று கேட்டால், "எல்லா லேப்டாப்புக்கும் செட் ஆகும் சார்" என்று பதில் வரும். கார்டைத் திருப்பி ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். ஏஆர்5பி95 என்றிருந்தால் உள்ளே இருப்பது ஏஆர்9285. வீட்டுக்கு வந்து லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்தால் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆன்டெனா ஒயர். நுனியில் கடுகு அளவுக்குத் தங்கநிற மூடி. அதை நகத்தால் நேராக அழுத்தினால் சின்ன 'டக்' சத்தத்தோடு உட்காரும். சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். டெர்மினலில் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை அடித்து, அந்தச் சிப்பின் 168சி:002பி என்ற எண்ணைப் பார்த்த பிறகுதான் நிம்மதி.

சில லேப்டாப்புகளில் அதுவும் நடக்காது. இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும் பயாஸுக்குள் அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் இல்லாத கார்டைப் போட்டால், அதைக் கழற்றச் சொல்லிவிட்டு இயந்திரம் அங்கேயே நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கியவர் எந்தக் கார்டு போட வேண்டும் என்பதை விற்றவர் தீர்மானிப்பதில் எந்த நியாயமும் இல்லை. கம்பெனியின் பயாஸுக்குப் பதிலாகக் கட்டற்ற கோர்பூட், லிப்ரேபூட் ஓடும் பழைய லேப்டாப்புகளை எங்களில் சிலர் விடாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி இன்றைய கதை. 2011இல் ஏத்தெரோஸை குவால்காம் வாங்கியது. அடுத்து வந்த ஏத்10கே டிரைவர் கட்டற்றதுதான், ஆனால் சிப்புக்கு மூடிய ஃபர்ம்வேர் வேண்டும். இன்டெல், மீடியாடெக் கார்டுகளும் அப்படியே. வைஃபை 5 தொடங்கி, மூடிய ஃபர்ம்வேர் கேட்காத லேப்டாப் கார்டு ஒன்றுகூடச் சந்தைக்கு வரவில்லை. டிரைவரைத் திறந்து கொடுத்துவிட்டு, வேலையைச் சிப்புக்குள் நகர்த்திவிட்டார்கள். நாங்கள் வென்றதாக நினைத்த இடம் காலியான இடமாகிவிட்டது.

டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் 2011இல் தன் கர்னலிலிருந்து மூடிய ஃபர்ம்வேரை முழுக்க வெளியே எடுத்து வைத்தது. அதே டெபியன் 2022இல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023இல் வந்த 12ஆம் பதிப்பின் நிறுவியிலேயே அதைச் சேர்த்துக்கொண்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. லேன் போர்ட்டே இல்லாத லேப்டாப்பை வைத்துக்கொண்டு புதியவர் என்ன செய்வார்? ஒலிச் சிப்பின் ஃபர்ம்வேர் இல்லாவிட்டால் பார்வையற்றவர் திரைவாசிப்பானைக் கேட்டு நிறுவவும் முடியாது. ஆனாலும் வலிக்கிறது.

'வேலை செய்கிறதே, அப்புறம் என்ன?' என்று கேட்பவர்களுக்கு 2017ஐ நினைவூட்டுவேன். பிராட்காம் வைஃபை ஃபர்ம்வேரில் இருந்த ஓட்டை ஒன்றின் வழியாக, பயனர் எதையும் தொடாமலே, அலைவழியாகவே ஃபோனின் வைஃபை சிப்பைக் கைப்பற்ற முடியும் என்று அந்த ஆண்டு காட்டினார்கள். பிராட்பான் என்று பெயர். ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் திருத்தம் வெளியிட்டன. திருத்தம் வராத பழைய கருவியை வைத்திருந்தவருக்குத் தானே சரிசெய்ய வழியில்லை, மூலநிரல் அவர் கையில் இல்லை.

கார்டும் இப்போது பல லேப்டாப்புகளில் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது. ஸ்லாட் இருந்தாலும், இன்டெலின் சிஎன்விஐ கார்டுகளில் பாதி வேலை செயலி அல்லது சிப்செட் பக்கத்திலேயே இருப்பதால், அதற்கு ஏற்ற இன்டெல் இயந்திரத்தில் தவிர அவை ஓடாது. யுஎஸ்பி பக்கம் ஒரு நல்ல செய்தி உண்டு: ஏத்தெரோஸின் ஏஆர்9271 சிப்பின் ஃபர்ம்வேர் 2013இல் மூலநிரலோடு வெளிவந்தது. ஆனால் டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் வாங்கும்போது வெர்ஷன் பார்க்க வேண்டும். முதல் வெர்ஷனில்தான் அந்தச் சிப், இரண்டாவதில் ரியல்டெக். மாடல் பெயர் மாறவில்லை.

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவி பழைய லேப்டாப் வாங்குவது பற்றிக் கேட்டாள். எம்.2 ஸ்லாட் இருந்தால் கியூசிஎன்எஃப்ஏ222 தேடு, உள்ளே ஏஆர்9462, இரண்டு அலைவரிசையும் வரும். ப்ளூடூத் மட்டும் மூடிய ஃபர்ம்வேர் கேட்கும், அதை விட்டுவிடு என்றேன். பழைய மினி பிசிஐஇ என்றால் ஏஆர்9285 மலிவு, ஆனால் 150 எம்பிபிஎஸ்தான், அதிலும் கையில் கிடைப்பது பாதி என்றேன்.

"எங்க வீட்டு இணைப்பே 40தான் சார்" என்றாள்.

அப்படியானால் அது போதும். காசு கொடுப்பதற்கு முன் பயாஸில் கார்டுப் பட்டியல் உள்ள மாடலா என்று பார்த்துவிடு, கடையிலேயே அடிமூடியைத் திறந்து ஸ்லாட்டையும் காட்டச் சொல் என்று அனுப்பினேன்.