பாட்டு கனடாவில நிக்குது

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் ஒரு கொண்டாட்டத்துக்கு ஐயர் பிந்தினால் சமாளிக்கலாம். பிரதம விருந்தினர் குறிகட்டுவானில் படகைத் தவறவிட்டால் இன்னும் வசதி, பேச்சு ஒன்று குறையும். லப்டொப் தம்பி வராவிட்டால்தான் பந்தலில் பதற்றம் தொடங்கும்.

தம்பி என்பது பதவிப் பெயர். வயது ஐம்பதை நெருங்கும், காதோரம் நரைத்திருக்கும், எழுபது வயதுக் கிழவரும் ஏழு வயதுப் பேரனும் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்பீக்கர் பெட்டிகளை லாண்ட்மாஸ்டரில் கொண்டுவந்து இறக்கும் சவுண்ட்ஸ்காரர் வேறு, இவர் வேறு. இவருடைய துறை மிகக் குறுகியது: படம் ஓடும்போது பின்னால் பாட்டு வரவேண்டும்.

முன்பு ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு அச்சடித்துக் கொடுப்பதோடு கடமை முடிந்தது. இப்போது அதற்கும் பவர்பொயின்ட், சாமத்திய வீட்டுக்கும் பவர்பொயின்ட், பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கும் அதுவே. படங்கள் ஒழுங்காக வரும். பாட்டு வராது. சபை திரும்பிப் பார்க்கும். அப்போது பின்வரிசையில் வடை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தம்பி, கையைத் துடைத்தபடி, அவசரமே இல்லாமல் எழும்புவார். அந்த நடையை ஒரு மந்திரியிடமும் நான் கண்டதில்லை.

"என்ன தம்பி, வீட்டில போட்டுப் பாக்கேக்க நல்லா வந்ததெண்டு சொன்னவை?"

"எந்த வீட்டில?"

"ரொறன்ரோவில."

"அப்ப பாட்டு கனடாவில நிக்குது அக்கா. படம் மட்டும்தான் பிளேனேறி வந்திருக்கு."

பகிடி இல்லை, உண்மையான நோய்க்கணிப்பு. 2007 வரை வந்த பவர்பொயின்ட் எம்பி3 பாட்டை ஃபைலுக்குள் வைக்காது. அது எந்தக் கொம்பியூட்டரில், எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று விலாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். வேவ் ஒலியாக இருந்தாலும், நாங்களாகச் செற்றிங்கை மாற்றாவிட்டால், 100 கிலோபைட்டுக்கு மேற்பட்டது வெளியேதான் நிற்கும். சீடித் தரத்தில் 100 கிலோபைட் என்பது அரைச் செக்கனுக்குக் கொஞ்சம் கூட. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைக்கவும் காணாது. 2010 பதிப்பிலிருந்து பாட்டு உள்ளேயே போய்விடுகிறது. ஆனால் வெளிநாட்டு மச்சான்மார் ஒரு பழைய ஃபைலை வைத்துக்கொண்டு, கொண்டாட்டத்துக்குக் கொண்டாட்டம் முகங்களை மட்டும் மாற்றி ஒட்டி அனுப்புகிறார்கள்.

இங்கே காலை பத்து மணி என்றால் ரொறன்ரோவில் கோடைக்கால நேரப்படி நள்ளிரவு தாண்டி அரை மணி. மச்சானை எழுப்பினால், அவர் பாட்டை வீட்டில் ஓடவிட்டு, போனைக் கிட்டப் பிடித்து, வாட்சப்பில் குரல் பதிவாக அனுப்புவார். பாட்டோடு அவருடைய கொட்டாவியும் வரும். அந்தப் பதிவு ஓபஸ் வகை; கனக்க லப்டொப்புகளில் பவர்பொயின்ட் அதைத் தொடவே மாட்டாது. தம்பி ஒன்றும் சொல்லாமல் தன் போனிலிருக்கும் களஞ்சியத்தைத் திறப்பார். கலியாணத்துக்கு நாலு, சாமத்திய வீட்டுக்கு மூன்று, அந்தியேட்டிக்கு இரண்டு என்று எந்நேரமும் கைவசம் இருக்கும்.

சில இடங்களில் பாட்டு வரும். முதல் படம் மாறியதும் செத்துப்போகும். எல்லா ஸ்லைடிலும் ஓடு என்று அதற்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் 999 ஸ்லைட் வரை நிற்காது. (அதற்கு மேலும் படம் வைத்திருக்கும் சாமத்திய வீடுகள் உண்டு.) வேறு சில இடங்களில் எச்டிஎம்ஐ வயர் குத்தியவுடன் லப்டொப் சத்தத்தையும் புரொஜெக்டருக்கே அனுப்பிவிடும். முகட்டில் தொங்கும் புரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கர் தன்பாட்டில் முணுமுணுக்கும், கீழே ஆளுயரப் பெட்டிகள் ஊமையாக நிற்கும். சத்தம் போகும் வழியை மாற்ற இரண்டு கிளிக் போதும். தம்பி அதற்கு ஐந்து நிமிடம் எடுப்பார். கெதியாகச் செய்துவிட்டால் மதிப்பு இராது.

அவர் உண்மையாகவே ஒளிர்வது வயரில். பையை அவர் இரண்டு சொப்பிங் பாக்கில் சுற்றித்தான் கொண்டுவருவார். நெடுந்தீவுப் படகில் தெறிக்கிற தண்ணீர் அப்படி. இருந்தும் உப்புக்காற்று விடாது, ஓடியோ வயரின் முனையில் பச்சை பிடித்துவிடும். ஒருமுறை பாட்டு வந்தது, பாடகரைக் காணவில்லை. வயலின் கேட்டது, தூரத்தில் ஒரு தபேலாவும் கேட்டது. கரோக்கியாக்கும் என்று ஒரு பெரியப்பா மைக்கை நோக்கி எழும்பிவிட்டார். தம்பி முனையை இழுத்து, சாரத்தின் ஓரத்தில் தேய்த்து, துளையில் செருகி ஒரு திருகு திருகினார். பாடகர் வந்துவிட்டார். அந்த முனையில் இடதுக்கும் வலதுக்கும் பொதுவான எர்த் தொடுகை விட்டுப்போனால் ஸ்பீக்கர்களுக்குக் கிடைப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. பாடகரின் குரல் வழக்கமாக இரண்டிலும் சமனாக இருக்கும்; சமனானது கழிபட்டுப் போகும். இதை அவரிடம் கேட்டால் சொல்லமாட்டார். "உது சின்னப் பிரச்சினை" என்பார். பெரியப்பாதான் பாவம், மைக்கைப் பிடித்தபடி நின்றார்.

ஸ்பீக்கர் ஙொய்யென்று இரைந்தால் லப்டொப் சார்ஜரைக் கழற்றிவிடுவார். பட்டரியில் ஓடவிட்டதும் இரைச்சல் பெரும்பாலும் நின்றுவிடும், சார்ஜர் வழியாக வருகிற எர்த் சுற்று அறுந்துவிடுவதால்.

1990களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். இடம்பெயர்ந்து போயிருந்த வீட்டில் பெடல் சுற்றிய பொடியன் இவர். சுற்றுவதை விட்டால் பாட்டு தேய்ந்து நின்றுவிடும் என்று அப்போதே தெரிந்தவர். லண்டனில் ஐரி படித்துவிட்டு விடுமுறைக்கு வந்த மருமகன் "ரீஸ்ரார்ட் பண்ணிப் பாருங்கோ" என்றால் ஒதுங்கி இடம் விடுவார். ரீஸ்ரார்ட் பண்ணியதும் விண்டோஸ் அப்டேட் தொடங்கும், பதினேழு வீதத்தில் நிற்கும். தம்பி அடுத்த வடையை எடுப்பார்.

நயினாதீவில் ஒரு அறுபதாம் கல்யாணம். எல்லாம் சரிக்கட்டி, நிற்பாட்டும்வரை திரும்பத் திரும்ப ஓடு என்றும் போட்டுவிட்டு, கடைசிப் படகுக்கு ஓடினார். படகு பாதிக் கடல் தாண்டவில்லை, போன் அடித்தது.

"தம்பி, பாட்டு நிக்குதில்லை!"

"என்ன, வரேல்லையோ?"

"வருது, வருது! நிக்குதில்லை! ஐயர் மந்திரம் சொல்லேலாமல் நிக்கிறார்!"

"வருதெல்லே? பிறகென்ன. இஞ்சின் சத்தத்தில ஒண்டும் கேக்கேல்லை, வையுங்கோ."